ஆலப்புழையில் கால்வாய் ஓரம் தங்க வீடு தேடுகிறீர்களா? எல்லோரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

என் அக்காவை ஆலப்புழையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாமா வீட்டார் பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனதும் சொந்த ஊருக்கே போய்விட்ட குடும்பம். இது தெரிந்ததிலிருந்து வடசென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் யார் ஆலப்புழைக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். எந்த விடுதியின் பெயரும் இதில் இருக்காது. வீட்டை எப்படித் தேடுவது என்பதுதான் விஷயம்.

"ஆலப்புழைன்னா போட் ஹவுஸ்தானே? அங்க வீடு எடுத்துத் தங்குறதுக்கு என்ன இருக்கு?"

போட் ஹவுஸில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஏற்றுவார்கள், மறுநாள் காலை ஒன்பதுக்கு இறக்கிவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகை ஓரமாகக் கட்டிவிட வேண்டும், ஏனென்றால் அதன்பிறகு காயலில் (கடலோர உப்பங்கழி ஏரியில்) மீனவர்கள் வலை போடுவார்கள். ஆக நீங்கள் ஓடும் படகில் இருப்பது நாலைந்து மணி நேரம்தான், மீதி நேரம் கட்டிய படகுக்குள் இருப்பீர்கள். பல படகுகளில் ஏசி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ஓடும். நன்றாகத்தான் இருக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஆலப்புழை பழைய துறைமுக ஊர். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகம் அமைத்து, காயலிலிருந்து கடற்கரை வரை சரக்கு வர கால்வாய் வெட்டி, வியாபாரிகளைக் கூட்டி வந்து குடியேற்றிய இடம். குஜராத்தி வியாபாரிகள் வந்து தங்கிய தெரு இருக்கிறது, ஜைனக் கோயில் இருக்கிறது, கயிறு கம்பெனிக் கட்டடங்கள் இருக்கின்றன, கடற்கரையில் 1862-ல் கட்டிய கடல்பாலத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. இதையெல்லாம் நடந்து பார்க்க வேண்டுமானால் ஊருக்குள் ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்கினால்தான் முடியும். படகுக்கு ஒரு அரைநாள் போதும்.

"கால்வாய்ன்றீங்க, நம்ம பக்கிங்காம் கால்வாய் மாதிரி நாறுமா?"

நம்ம ஏரியாவிலிருந்து போகிற யாரும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. ஊருக்குள் ஓடும் வாடைக் கால்வாய் (வாடை என்பது அதன் பெயர், நாற்றம் இல்லை), கமர்ஷியல் கால்வாய் இரண்டும் சரக்குக்காக வெட்டியவை. நம் கால்வாயும் 1806-ல் எண்ணூர் வரை சரக்குப் படகு ஓட வெட்டியதுதானே, உப்பும் விறகும் அதில்தான் வந்தன. சரக்கு லாரிக்கு மாறியதும் இரண்டு ஊர்க் கால்வாயையும் கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டது. ஆலப்புழையில் சமீப வருஷங்களில் தூர் வாரி, கரையைச் சரிசெய்து, நடைபாதை போட்டிருக்கிறார்கள். வியாசர்பாடிப் பாலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பிடிப்பீர்களே, அந்த அளவுக்கு இல்லை. ஆனால் வாசனையே இருக்காது என்றும் சொல்ல மாட்டேன்.

மார்ச்சிலிருந்து மே வரை தண்ணீர் குறைந்து தேங்கி நிற்கும்போது சில இடங்களில் வாடை அடிக்கும். மழை ஆரம்பித்ததும் அடித்துக்கொண்டு போய்விடும். கோடையில் போகிறவர்கள் கால்வாயைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்கி, அப்புறம் ஜன்னலை மூடிக்கொண்டு ஏசியில் உட்காருவதற்குப் பதில், தோட்டத்தைப் பார்த்த அறையை எடுத்துக்கொள்ளலாம். வாடகையும் குறைவாக இருக்கும்.

"எந்த ஏரியால ரூம் போடணும்? மேப்ல பாத்தா எல்லாமே ஆலப்பின்னுதான் போட்டிருக்கு."

இதுதான் முக்கியமான கேள்வி. முதலில் எந்தத் தண்ணீர் ஓரம் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் வீட்டைத் தேடுங்கள். ஆலப்புழையின் ஆங்கிலப் பெயரான ஆலப்பியைப் போட்டு நாலு வேறு வேறு இடங்களை விற்கிறார்கள். ஒன்று, ஊருக்குள் கால்வாய் ஓரம்: முல்லக்கல் கடைத்தெரு, போட் ஜெட்டி, கே.எஸ்.ஆர்.டி.சி பஸ் ஸ்டாண்ட் எல்லாம் நடக்கிற தூரம். பழைய வியாபாரி வீடுகளை மாற்றியமைத்த கெஸ்ட் ஹவுஸ்கள் இங்கேதான் கிடைக்கும். வண்டிச் சத்தம் உண்டு, விடியற்காலையில் கோயில் ஸ்பீக்கரும் உண்டு. முதல் தடவை போகிறவர்கள், காரில்லாமல் போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் இங்கே தங்குவதுதான் என் கணக்குக்குச் சரி.

அடுத்தது புன்னமடைப் பக்கம், ஃபினிஷிங் பாயிண்ட் என்பார்கள். போட் ரேஸ் முடிகிற இடம், போட் ஹவுஸ்கள் வரிசையாக நிற்கிற இடமும் அதுதான். காயல் அகலமாகத் தெரியும். ஆனால் காலையில் படகு எஞ்சின் சத்தம், டீசல் வாடை, தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவில் நாலு படகு. 'லேக் வியூ' என்று காசு கொடுத்துவிட்டுப் படகின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் தள்ளி, படகு கட்டாத கரையில் கிடைத்தால் அருமையான இடம்.

மூன்றாவது குட்டநாட்டுப் பக்கம்: கைனகரி, நெடுமுடி, காவாலம் மாதிரி ஊர்கள். வயல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும், தண்ணீர் மேலே வரப்புக்கு வெளியே நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது தலைகீழாக ஏதோ நடக்கிற மாதிரித்தான் தோன்றும். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு 2013-ல் உலகப் பாரம்பரிய விவசாயம் என்று அங்கீகரித்தது. அழகு என்று பார்த்தால் நாலில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பல வீடுகளுக்கு ரோடு கிடையாது, படகில்தான் போக வேண்டும், ராத்திரி ஒரு மாத்திரை வாங்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரரைத்தான் எழுப்ப வேண்டும். நாலாவது கடற்கரைப் பக்கம். ரயில்வே ஸ்டேஷன் அங்கேதான் இருக்கிறது. பீச்சுக்காகப் போவதென்றால், காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதற்காக ஒரு ராத்திரி ரயிலில் போக வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஹோம்ஸ்டே, கெஸ்ட் ஹவுஸ், ரிசார்ட் எல்லாம் ஒண்ணுதானா, பேருதான் வேறயா?"

பெயரை எல்லோரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து, மிச்சமிருக்கும் சில அறைகளை வாடகைக்கு விடுவது. கேரள சுற்றுலாத் துறை இப்படிப்பட்ட வீடுகளைப் பார்வையிட்டு டயமண்டு, கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. சான்றிதழ் இல்லாத நல்ல வீடும் உண்டு, ஆனால் இருந்தால் யாரோ ஒருவர் வந்து பாத்ரூமை எட்டிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: "நீங்க அந்த வீட்டுலயே இருக்கீங்களா?" இதற்கு ஆமாம் என்று நேராகப் பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் அவருக்கும்தான் வராது. "நம்ம பையன் ஒருத்தன் இருப்பான் சார்" என்று பதில் வந்தால், அது லீசுக்கு எடுத்து நடத்துகிற இடம். மோசம் என்று இல்லை, ஆனால் ஹோம்ஸ்டே வாடகையைக் கொடுக்காதீர்கள்.

"போட்டோல சூப்பரா இருக்கு. நேர்ல அப்படியே இருக்குமா?"

போட்டோவில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பாருங்கள். பாத்ரூம் போட்டோ இல்லையா? கேட்டு வாங்குங்கள். கட்டிலுக்கு நாலு பக்கமும் இடம் தெரிகிற மாதிரி எடுத்திருந்தால் அது வைடு ஆங்கிள் லென்ஸின் வேலை, அந்த அறையில் சூட்கேஸைத் திறந்து வைக்க இடம் இருக்குமா என்பதே சந்தேகம். சூரிய அஸ்தமனமும் தென்னை மரமும் பத்து போட்டோ, அறை இரண்டே போட்டோ என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

அப்புறம் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ரோடு இருக்கிறதா, பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்றெல்லாம் தெரிந்துவிடும். ரிவ்யூக்களில் ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுவிட்டு மூன்று ஸ்டார்காரர்களைப் படியுங்கள். "எல்லாம் நல்லாதான் இருந்தது, ஆனா..." என்று அவர்கள் எழுதுகிற அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். நீங்கள் போகிற அதே மாசத்தில் போனவர்கள் எழுதியது கிடைத்தால் இன்னும் நல்லது.

"வாட்டர் வியூன்னு போட்டிருந்தா தண்ணி தெரியும்ல?"

தெரியும். எட்டிப் பார்த்தால் தெரியுமா, கட்டிலில் படுத்தபடியே தெரியுமா என்று கேளுங்கள். ஜன்னலில் நின்று ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நல்ல வீட்டுக்காரர்கள் அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு எடுத்ததாகவே கேளுங்கள். தண்ணீர் தெரிந்தாலும் அது பச்சையாகத் தெரியலாம். குட்டநாட்டு நெல்லுக்குள் உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க டிசம்பர் நடுவிலிருந்து சில மாசம் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடுவார்கள். அப்போது காயலில் ஓட்டம் குறைந்து ஆகாயத்தாமரை மண்டிவிடும். சில வாய்க்காலில் மைதானம் மாதிரி மூடிக்கிடக்கும், சின்னப் படகு நகராது. அணையைத் திறந்து உப்பு ஏறியதும் அது காய்ந்து ஒழியும். விவசாயிக்கு அந்த அணை வேண்டும், மீன் பிடிக்கிறவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அது அவர்களுக்குள் பல வருஷத்துத் தகராறு, நாம் போய் வீட்டுக்காரரைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

"ரேட்டு எவ்ளோ வரும்ணே?"

சாதாரண ஹோம்ஸ்டே அறை ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்துக்குள் முடியும். பழைய வீட்டை அழகாகப் புதுப்பித்து நடத்துகிற இடங்கள் அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். கிறிஸ்துமஸிலிருந்து நியூ இயர் வரை எல்லாமே எகிறும். கிறிஸ்துமஸை ஒட்டி முல்லக்கல் கோயிலில் 'சிறப்பு' என்ற திருவிழாவும் நடக்கும், தெருவே ஜேஜே என்று இருக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போதே போங்கள், இல்லையென்றால் பொங்கலுக்குப் பிறகு ஜனவரிக் கடைசி, பிப்ரவரி.

ரயில் டிக்கெட் இப்போது அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. சபரிமலை சீசனில், அதாவது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, கேரளா போகிற வண்டிகள் எல்லாம் நிரம்பி வழியும். அதனால் முதலில் டிக்கெட், அப்புறம் அறை. அறையை முதலில் போட்டுவிட்டு வெயிட்டிங் லிஸ்ட்டை வேடிக்கை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

"ட்ரெயின் காலைல போய்டுது, ரூம் மத்தியானம்தான் தருவேன்றாங்க. அது வரைக்கும் எங்க போறது?"

சென்ட்ரலில் ராத்திரி ஏறும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் கொண்டுபோய் விடும். திரும்பி வரும் வண்டி அங்கே மத்தியானத்துக்கு மேல் கிளம்பும். செக்-இன் பல இடங்களில் பன்னிரண்டு அல்லது இரண்டு மணி, செக்-அவுட் பத்து அல்லது பதினொன்று. போகும்போதும் கொஞ்ச நேரம் இடைவெளி, வரும்போதும் இடைவெளி. வீட்டுக்காரர் குடியிருக்கிற வீடாக இருந்தால் (மேலே சொன்ன அதே கேள்வி) பையை வாங்கி வைத்துக்கொண்டு, குளிக்க ஒரு பாத்ரூமைக் காட்டி, டீயும் கொடுப்பார்கள். புக் பண்ணும்போதே வண்டி வரும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்டேஷன் கடற்கரைப் பக்கம், போட் ஜெட்டி ஊரின் மறுகோடி, நடுவில் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவுக்கு எவ்வளவு என்று வீட்டுக்காரரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "அந்த வீடு மூடிட்டாங்க, நல்ல இடம் காட்டுறேன்" என்று ஆட்டோக்காரரோ ஜெட்டியில் நிற்கிறவரோ சொன்னால், கமிஷனுக்குச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு சிரித்துவிட்டுப் போங்கள். இது நம் சென்ட்ரல் வாசலிலும் நடப்பதுதானே.

"எங்க அம்மாவுக்கு மூட்டு வலி. பழைய வீடு செட் ஆகுமா?"

கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளின் அழகே அம்மாவுக்கு ஆபத்து. வாசல் நிலைப்படி உயரமாக இருக்கும், வாசலின் மேல்கட்டை தாழ்ந்திருக்கும், மாடிக்குப் போகிற மரப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கயிறுதான் தொங்கும். அந்தக் காலத்தில் பாத்ரூம் வீட்டுக்கு வெளியே. இப்போது அறைக்குள் சேர்த்துக் கட்டும்போது பைப்புக்காகத் தரையை ஒரு முழம் உயர்த்தியிருப்பார்கள், அதனால் பாத்ரூம் வாசலிலேயே ஒரு உயரமான படி. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அங்கேதான் தடுக்கும்.

தரைத்தள அறை, வெஸ்டர்ன் டாய்லெட், படி எத்தனை, பிடிமானம் உண்டா, இந்த நாலையும் போனில் கேட்டுவிடுங்கள். குட்டநாட்டு வீடு என்றால் இன்னொன்று: படகிலிருந்து இறங்கும் கல்படி பாசி பிடித்து வழுவழுவென்று இருக்கும், படகும் ஆடும். அம்மாவை இரண்டு பேர் தாங்கி இறக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் கால்வாய் ஓரத் தரைத்தள அறை போதும், காயலைப் படகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

"கொசு?"

உண்டு. ஜன்னலுக்கு வலை இருக்கிறதா, கட்டிலுக்குக் கொசுவலை உண்டா என்று கேளுங்கள். மரத்தட்டு மச்சு உள்ள அறையில் பலகை இடுக்கு வழியாகவும் வரும், அதனால் இரண்டும் இருந்தால் நல்லது. தண்டையார்பேட்டையில் தூங்குகிறவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது.

"சாப்பாடு நமக்கு ஒத்துக்குமா? அப்பா சைவம் வேற."

காலைக்கு புட்டு, அப்பம், இடியாப்பம், இட்லி என்று ஏதாவது ஒன்று வாடகையிலேயே சேர்ந்திருக்கும். ராத்திரி சாப்பாடு தனிக் காசு, காலையிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அப்புறம்தான் மீன் வாங்கப் போவார்கள். கரிமீன் பொள்ளிச்சது (வாழையிலையில் சுற்றிச் சுட்ட மீன்) எல்லோருக்கும் தெரியும், குட்டநாட்டில் தாராவுக் கறி கேட்டுப் பாருங்கள், அது வாத்து. கரிமீனுக்கு விலையை முன்னாலேயே கேளுங்கள், சைஸுக்கு ஏற்ற விலை சொல்லி பில்லில் தூக்கிப்போடுவது நடக்கும். காசிமேட்டில் பேரம் பேசியவர்களுக்கு அது பெரிய வேலை இல்லை.

சோறு சிவப்பாகக் குண்டு குண்டாக இருக்கும், மட்டை அரிசி. ஒத்துக்கொள்ளாது என்றால் வெள்ளை அரிசி என்று முன்கூட்டியே சொன்னால் வைத்துத் தருவார்கள். தேங்காய் எண்ணெயில்தான் சமையல், அதை மாற்றச் சொல்லாதீர்கள். சைவம் என்றால் மீன் வறுத்த அதே சட்டி கூடாது என்பது வரை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அப்பா ரொம்பக் கறார் என்றால் ஊருக்குள் தங்குங்கள், முல்லக்கல் பக்கம் சைவ ஓட்டல் உண்டு. தீவில் மாட்டிக்கொண்டால் வீட்டுச் சமையலை விட்டால் வேறு வழி இல்லை.

"ஜூன் ஜூலைல பாதி ரேட்டுதான். போய்டலாமா?"

மழை பிடித்தவர்கள் தாராளமாகப் போகலாம். காயல் மேல் மழை வருவதை வராந்தாவில் உட்கார்ந்து பார்ப்பதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அந்த மாசங்கள்தான் பிடிக்கும். ஆனால் எங்கே தங்குவது என்பது மாறும். மேலே ஏரியா பற்றிச் சொன்னதில் மூன்றாவது இடம், குட்டநாடு, இந்த மாசங்களில் முதல் தடவை போகிறவர்களுக்கு வேண்டாம். தாழ்வான நிலம், மலையில் பெய்கிற மழை எல்லாம் ஆறுகள் வழியாக இங்கேதான் வந்து சேரும். 2018 வெள்ளத்தில் குட்டநாட்டையே காலி செய்து மக்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சில வீடுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

ஊருக்குள் மாடி அறை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா என்று கேளுங்கள். ரெட் அலர்ட் வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். படகு அன்றைக்கு ஓடாவிட்டால் கோபப்படாதீர்கள், அரசே நிறுத்தச் சொல்லியிருக்கும்.

"போட் ரேஸ் பாக்கணும். எப்ப ரூம் போடுறது?"

நேரு டிராபி வள்ளங்களி புன்னமடையில் நடப்பது. நேரு 1952-ல் வந்து பார்த்துவிட்டுக் கோப்பை கொடுத்ததில் ஆரம்பித்தது. முன்பெல்லாம் வழக்கமாக ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, ஆனால் அதை நம்பிப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். 2018-ல் வெள்ளத்தால் நவம்பருக்குப் போனது, 2024-ல் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு செப்டம்பர் 28-க்குத் தள்ளினார்கள், 2025-ல் ஆகஸ்ட் 30. தேதியை அறிவித்த அன்றைக்கே அறை போடுங்கள், கேன்சல் பண்ணக்கூடியதாகவே போடுங்கள். அன்றைக்கு மட்டும் புன்னமடைப் பக்கத்தில் தங்காமல் ஊருக்குள் தங்கி நடந்து போங்கள், அந்த ரோடுகளில் வண்டி நகராது.

"நாங்க ஆறு பசங்க. ஹோம்ஸ்டேல விடுவாங்களா?"

சில வீடுகளில் நேராகவே மறுத்துவிடுவார்கள். குழந்தை குட்டியோடு இருக்கிற வீடு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கர் போடுகிற கூட்டம் வேண்டாம் என்று நினைப்பது நியாயம்தான். மறைத்து நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேராகப் போய் நிற்பதுதான் மோசம். உள்ளதைச் சொல்லுங்கள், வீட்டுக்குள் குடிக்கலாமா என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். ஆட்டம் பாட்டம்தான் வேண்டும் என்றால் உங்களுக்குப் போட் ஹவுஸ்தான் சரி, முதல் பதிலில் சொன்ன கணக்கைப் பார்த்துக்கொண்டு எடுங்கள். அதிலும் ராத்திரி படகு மேல்தட்டில் விளிம்பில் உட்காராதீர்கள். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் இருட்டில் செல்லாது.

கல்யாணம் ஆகாத ஜோடிகளும் இதே கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். சட்டத்தில் தடை கிடையாது, இரண்டு பேருக்கும் அடையாள அட்டை வேண்டும். வீட்டுக்காரர் மனசு வேறு விஷயம், அதனால் போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

"ஓனரே போன் பண்ணி, ஆப்ல கேன்சல் பண்ணிட்டு நேரா வாங்க, கம்மி பண்ணித் தர்றேன்றார். பண்ணலாமா?"

ஆப் கம்பெனி ஒவ்வொரு புக்கிங்கிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது, அதனால் அவர் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கேன்சல் செய்துவிட்டால் உங்களிடம் எந்தப் பிடியும் இல்லை. போய் இறங்கும்போது அறை இல்லை என்றால் யாரிடம் கேட்பீர்கள்? கிறிஸ்துமஸ் வாரத்தில் அதிகக் காசு கொடுக்கிறவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

முதல் தடவை ஆப்பிலேயே போங்கள். இடம் பிடித்திருந்தால் நம்பரை வாங்கிக்கொண்டு அடுத்த தடவை நேராகப் பேசுங்கள், அப்போது தாராளமாகப் பேரம் பேசலாம். நேராகப் பணம் அனுப்புகிறவர்கள் ஒரு ராத்திரி வாடகைக்கு மேல் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம். ஜி-பேயில் வருகிற பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள், "மச்சான் நம்பர்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"மூணு நாள் இருக்கு. ஒரே இடமா, ரெண்டு இடமா?"

மூன்று ராத்திரி என்றால் இரண்டு ஊருக்குள், ஒன்று குட்டநாட்டில், மழைக்காலம் இல்லை என்றால். குட்டநாட்டு வீட்டுக்குத் தனிப்படகு பிடிக்க வேண்டியதில்லை. போட் ஜெட்டியிலிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு ஓடுகிறது, பஸ் டிக்கெட் மாதிரிச் சில்லறைக் காசுதான். ஸ்கூல் பிள்ளைகளோடும் மீன் கூடையோடும் போகலாம். கோட்டயம் வரைக்கும்கூட இரண்டரை மணி நேரத்தில் அந்தப் படகில் போகிறவர்கள் உண்டு. வீட்டுக்குப் பக்கத்து ஜெட்டியின் பெயரையும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இரண்டு நாள்தான் என்றால் மாறி மாறித் தங்காதீர்கள், பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே ஒரு பொழுது போய்விடும்.

"என் பையன் ஜெர்மனில இருக்கான், எங்களை நிஜ வெனிஸுக்கே கூட்டிட்டுப் போறான். அங்கயும் இதே கணக்குதானா?"

ஆலப்புழையைக் 'கிழக்கின் வெனிஸ்' என்பார்கள், அதனால்தான் இத்தாலியில் இருப்பதை நிஜ வெனிஸ் என்கிறார்கள். ஆச்சரியமாக, பெரும்பாலும் இதேதான். அங்கும் முதல் கேள்வி எந்த ஏரியா என்பதே. பழைய வெனிஸ் ஆறு வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது, சான் மார்கோ சதுக்கத்தை ஒட்டினால் விலையும் கூட்டமும் அதிகம், கன்னரேஜியோ, காஸ்டெல்லோ பக்கம் கொஞ்சம் அமைதி. வீட்டு நம்பர் தெருவுக்குத் தெரு கிடையாது, வட்டாரம் முழுக்க ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் ஓடும். அதனால் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், பக்கத்துப் படகு நிறுத்தம் எது, எத்தனை பாலம் தாண்ட வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். கார் உள்ளே வராது, நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டுதான். பெரிய சூட்கேஸைப் பையன்தான் தூக்க வேண்டும். பொதுப் படகில் ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். அதனால் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எடுத்தால் மிச்சம்.

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கடல் ஏறி ஊருக்குள் வருகிற காலம். 2020-லிருந்து கடல் வாசலில் தடுப்புக் கதவுகள் எழும்பி நிறுத்துகின்றன, இருந்தாலும் அந்த மாசங்களில் தரைத்தள அறை வேண்டாம். பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024-லிருந்து சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு அது இல்லை, ஆனால் ஆன்லைனில் விலக்குப் பதிவு செய்ய வேண்டும். ராத்திரிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி தனியாக வாங்குவார்கள். நம்ம ஊர் ஹோம்ஸ்டே சான்றிதழ் மாதிரி அங்கே வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு ஒரு தேசிய அடையாள எண் உண்டு, விளம்பரத்தில் அது இல்லாத வீட்டைப் பையன் தொடவே வேண்டாம்.

"எல்லாம் பாத்துப் பாத்துப் போட்டும், போய் இறங்கினா சொன்ன மாதிரி இல்லைன்னா என்ன பண்றது?"

பையைப் பிரிக்காதீர்கள். முதலில் அறையைப் பாருங்கள்: குழாயைத் திறங்கள், ஃப்ளஷ் அடியுங்கள், ஏசியைப் போடுங்கள், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சரியில்லாததைப் போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் சொல்லுங்கள். பத்தில் எட்டுக்கு வேறு அறை கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கும் ரிவ்யூ பயம் உண்டு. கேட்கவில்லை என்றால் அங்கிருந்தே ஆப் கஸ்டமர் கேருக்குப் பேசி, புகாரைச் சாட்டிலும் போட்டோவோடு பதியுங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்துவிட்டு மறுநாள் புகார் கொடுத்தால் காசு திரும்புவது கஷ்டம்.

முற்பகலில் ஊர் போய்ச் சேர்கிற வண்டி என்பதால் வேறு இடம் தேட நேரம் இருக்கும். அதற்காகத்தான் நான் எல்லோரிடமும் இரண்டாவதாகப் பிடித்த வீட்டின் நம்பரையும் எழுதி வைத்துக்கொண்டு கிளம்பச் சொல்கிறேன், அங்கே போன் பண்ணி அன்றைக்கு அறை இருக்கிறதா என்று கேட்டால், காலியாக இருக்கிற அறையைக் குறைத்துக் கொடுக்கிற வாய்ப்பும் அதிகம். அது கிறிஸ்துமஸ் வாரமாக மட்டும் இருக்கக் கூடாது.